டைரக்ட்

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அதிகம் புழங்கும் ஆங்கில வார்த்தை எது என்று போட்டி வைத்தால் 'டைரக்ட்'தான் ஜெயிக்கும். சுவிட்ச் கெட்டுப்போனால் டைரக்ட். ஃப்யூஸ் போனால் டைரக்ட். ரிலே சூடானால் டைரக்ட். "ஒண்ணுமில்லண்ணே, டைரக்ட் பண்ணி விட்டுட்டேன், இனிமே தொல்லையே வராது" என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் சொல்வார். பழைய டிராக்டரை ஓட்டி வந்த அண்ணனும் நிம்மதியாகக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். இடையில் இருந்த ஒரு பாகம் கழற்றி எறியப்பட்டிருக்கிறது, அது எதற்காக அங்கே இருந்தது என்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை.

முப்பது நாற்பது வருஷமான டிராக்டர்களின் ஒயரிங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்த்தால் பாம்புப் புற்று மாதிரி இருக்கும். சிவப்பு ஒயர் கறுப்பு ஒயரோடு முறுக்கப்பட்டு, அதற்கு மேல் இன்சுலேஷன் டேப், கோடை வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, அதில் வைக்கோல் தூசி ஒட்டி, நடுவில் வீட்டு ஒயரிங்குக்கு வாங்கி மிஞ்சின ஒயர் நாலு முழம். அதே டிராக்டரின் இன்ஜின் ஆயில் தேதி தவறாமல் மாறியிருக்கும். ஹைட்ராலிக்கில் ஒரு சொட்டு ஒழுகினால் அன்றைக்கே வேலை நடக்கும். கரண்ட் விஷயத்துக்கு மட்டும் ஏன் இந்த மாற்றாந்தாய் மனப்பான்மை?

காரணம் இன்ஜினிலேயே இருக்கிறது. பழைய டீசல் டிராக்டர் ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்குக் கரண்ட் தேவையே இல்லை. டீசலை அமுக்கிச் சூடேறிய காற்றில் பீய்ச்சினால் அதுவாகப் பற்றிக்கொள்கிறது. பம்ப் முழுக்க முழுக்க மெக்கானிக்கல். நிறுத்துவதற்குக்கூட ஒரு இழுப்புக் கம்பி போதும். பேட்டரியைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுக்கூட நாலு ஏக்கர் உழலாம். அமெரிக்காவின் பழைய ஃபோர்டு 8என் மாதிரி பெட்ரோல் டிராக்டர் என்றால் இக்னிஷன் ஒயர் அறுந்த நிமிஷமே நடுக்காட்டில் நின்றுவிடும், உரிமையாளர் ஒயரிங்கை மதித்தே ஆக வேண்டும். டீசல் வண்டி மன்னித்து மன்னித்தே மனுஷனைக் கெடுத்துவிட்டது. செல்ஃப் எடுக்கவில்லையா, மேட்டில் நிறுத்தி உருட்டு. ஹெட்லைட் எரியவில்லையா, நிலா இருக்கிறது. ஒயரிங் என்பது டிராக்டருக்கு நகை மாதிரி, இருந்தால் அழகு, இல்லாவிட்டால் நஷ்டமில்லை என்ற எண்ணம் இப்படித்தான் ஊறிப்போனது.

நஷ்டம் உண்டு. கணக்கு உயிரில் வரும் நஷ்டம்.

ஹாரி ஃபெர்குசனின் டி.இ.20 டிராக்டர் 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாராகத் தொடங்கியது. அதில் ஸ்டார்ட்டருக்குத் தனி பட்டன் கிடையாது. கியர் லிவரையே 'எஸ்' என்று குறித்த இடத்துக்குத் தள்ள வேண்டும், அப்போதுதான் ஸ்டார்ட்டர் சுற்றும். லிவர் அந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் வண்டி கியரில் இருக்க முடியாது. கியரில் கிடக்கிற வண்டியை மறதியாகக்கூட ஸ்டார்ட் பண்ண முடியாத ஏற்பாடு. எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய யோசனை என்று நினைத்துப் பார்த்தால் கை தட்டத் தோன்றும். அதற்கு அடுத்த தலைமுறையான மாஸ்ஸி ஃபெர்குசன் 35-ல் ஹை-லோ லிவரை நடுவில் வைத்தால்தான் செல்ஃப் எடுக்கும். லிவருக்குக் கீழே சின்னதாக ஒரு சேஃப்டி சுவிட்ச். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபேயின் 1035 இந்த 35-ன் வம்சம்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் அது உழுதுகொண்டிருக்கிறது. (இந்த ஏற்பாடே இல்லாத பழைய வண்டிகளும் உண்டு. அவற்றின் கதை இன்னும் மோசம்.)

பட்டறையில் முதலில் டைரக்ட் ஆவது இந்த சுவிட்ச்தான். சேற்றுழவில் தண்ணீர் புகுந்து ஒருநாள் வேலை செய்யாது. நடவு சீசன், ஆள் காத்திருக்கிறது, கேஜ் வீல் மாட்டியாகிவிட்டது. இரண்டு ஒயரையும் பிடுங்கி ஒன்றாக முறுக்கிவிட்டால் பத்து நிமிஷத்தில் வண்டி வயலில். அன்றிலிருந்து எந்தக் கியரில் இருந்தாலும் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும்.

அதற்கும் அடுத்த படி ஸ்க்ரூடிரைவர். சாவி சுவிட்சும் தேய்ந்துபோன பிறகு, டிரைவர் கீழே நின்றபடியே செல்ஃப் மோட்டார் தலையில் இருக்கிற இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் தொடுவார். பொறி பறக்கும், இன்ஜின் பிடிக்கும். பார்க்கிற பொடிப் பையன்களுக்கு அது ஒரு ஹீரோ சமாச்சாரம். அவர் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், பெரிய டயருக்கு நேர் முன்னால். வண்டி கியரில் இருந்தால் என்ன ஆகும்? கிளட்ச்சை மிதிக்க சீட்டில் ஆள் இல்லை. லோ கியரில் செல்ஃப் மோட்டாரின் பலமே வண்டியை நகர்த்தப் போதும். இன்ஜினும் பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த டயர் மனித உடம்பைப் பார்த்துத் தயங்காது, ஏறி இறங்கி வரப்பையும் தாண்டிப் போகும்.

இது கற்பனைப் பூச்சாண்டி இல்லை. அமெரிக்காவில் பண்ணை விபத்துகளை ஆராய்கிறவர்கள் இதற்கு 'பைபாஸ் ஸ்டார்ட்டிங்' என்று தனிப் பெயரே வைத்து, சாவுக்கான காரணங்களில் ஒன்றாக எழுதிவருகிறார்கள். அங்கே ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்க்ரூடிரைவர் எட்டாதபடி மூடி போட்டு மறைக்கும் வழக்கம் வந்தது. கியரில் ஸ்டார்ட் செய்தால் சாவு என்று பச்சையாக ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இங்கே அந்த ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் சாமி படம் இருக்கிறது, சாமிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"முப்பது வருஷமா இப்படித்தான் தம்பி எடுக்கிறேன், என்ன ஆயிடுச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்பார். கேட்பதற்கு அவர் இருக்கிறார், அதனால் கேட்கிறார். கியரில் விட்டதை மறந்த அந்த ஒரு நாள் வந்தவர்கள் இந்த விவாதத்துக்கு வர மாட்டார்கள்.

வகுப்பில் ஓம் விதியை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஸ்க்ரூடிரைவர் எதற்குத் தேவைப்பட்டது? சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அல்லது அதுவும் இல்லை. உடனே பேட்டரி மேல் பழி. புது பேட்டரி வாங்குவார், இரண்டு மாசம் ஓடும், திரும்பவும் 'டக்'. பேட்டரியில் தப்பில்லை, வழியில் தப்பு. டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் சர்வசாதாரணமாக 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி எர்த் கேபிள் இன்ஜினில் உட்காரும் இடத்தில் துருவும் பழைய பெயின்ட்டும் சேர்ந்து ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருப்பதாக வைத்துக்கொண்டால் போதும். 200-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 2 வோல்ட். அந்த ஒரு போல்ட்டே 2 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. நூறில் ஒரு ஓம் என்பதைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் வைத்தால் பூஜ்யம் என்றுதான் காட்டும். மீட்டர் வைத்துப் பார்த்த மெக்கானிக்கும் "எர்த் நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கருவியை வைத்த விதம்தான் தப்பு.

சரியான விதம் ரொம்பச் சுலபம். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரியின் எர்த் துருவத்தில் (கேபிளின் கிளிப்பில் இல்லை, ஈயத் துருவத்திலேயே), இன்னொரு முனை இன்ஜினின் வெறும் இரும்பில். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து செல்ஃப் அடிக்க வேண்டும். மீட்டர் கால் வோல்ட்டுக்குள் நின்றால் எர்த் சரி. ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் என்று ஏறினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். மீட்டரும் இல்லையென்றால் கை இருக்கிறது. பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தொட்டுப் பார்த்தால் எது சுடுகிறதோ அதுதான் குற்றவாளி. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் முடிந்தது. பேட்டரித் துருவத்தில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் கழுவிவிடும், மூடிகள் இறுக்கமாக இருந்து கரைசல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் சரி. இதற்கு ஆகும் செலவில் ஒரு டீ கூடக் குடிக்க முடியாது. இந்தச் செலவைச் செய்யாமல் பல ஆயிரத்துக்குப் புது பேட்டரி வாங்குகிறார்கள், அதுவும் தோற்றால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்கள்.

பழைய 6 வோல்ட் வண்டிகளில் இந்தக் கொடுமை இன்னும் பெரிது. ஃபோர்டு 8என் 1947-லிருந்து 1952 வரை வந்த வண்டி, 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த். ஆறில் இரண்டு போனால் மூன்றில் ஒரு பங்கு காலி. அங்கேயும் இதே கதைதான், ஒல்லியான கேபிளையும் துருப்பிடித்த எர்த்தையும் அப்படியே விட்டுவிட்டு "6 வோல்ட்டே உருப்படாதது" என்று 12 வோல்ட்டுக்கு மாற்றுவார்கள். பனிக்காலத்தில் அந்த 6 வோல்ட் வண்டிகள் ஓடின, கம்பெனி போட்ட தடிமனான கேபிள் இருந்த வரைக்கும்.

எர்த்தைக் கெடுப்பதில் ஆயுத பூஜைக்கும் பங்கு உண்டு. கோபப்பட வேண்டாம். பூஜைக்கு முன்னால் வண்டிக்குப் புது பெயின்ட் அடிப்பார்கள். அடிக்கிறவர் எதையும் கழற்ற மாட்டார், எர்த் போல்ட், விளக்கு பிராக்கெட், மட்கார்டு ஜாயின்ட் எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகச் சிவப்பு. பழைய டிராக்டரில் விளக்குக்குப் போகும் கரண்ட் திரும்பி வருவது அந்த உடம்பு இரும்பு வழியாகத்தான். அடுத்த முறை போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் பெயின்ட் உட்காரும், விளக்கு மினுக்கும். வண்டி முகத்தில் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை. பொட்டு வைத்த இடத்துக்கு நாலு அங்குலம் கீழே இன்சுலேஷன் உரிந்த ஒயர் தொங்குகிறது. ஆயுதத்துக்குப் பூஜை என்றால் அதையும் பார்ப்பதுதானே மரியாதை?

அடுத்தது ஃப்யூஸ். ஃப்யூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற என்று பலரும் நம்புகிறார்கள். பல்பு போனால் போகட்டும் என்று சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுகிறார்கள். ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. தகட்டு ஓட்டை வழியாகப் போகும் ஒயரைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்கும், அது விழுந்து வருஷம் பத்தாகியிருக்கும். அதிர்ச்சியில் உரசி உரசி ஒருநாள் செம்பு தகட்டைத் தொடும். டிராக்டர் பேட்டரி அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தயங்காமல் கொட்டும். ஒயர் பழுக்கும். பக்கத்தில் டீசல் பிசுபிசுப்பு, பின்னால் டிரெய்லரில் வைக்கோல். இதில் ஒரு வேடிக்கை, அதே வண்டியில் பாட்டுப் பெட்டி மாட்டியிருப்பார்கள், அதன் ஆம்ப்ளிஃபயர் ஒயரில் ஒழுங்காக ஒரு ஃப்யூஸ் உட்கார்ந்திருக்கும். கம்பெனியிலிருந்து அப்படியே வந்தது, யாரும் டைரக்ட் பண்ணவில்லை. ஆக, பாட்டுக்குப் பாதுகாப்பு இருக்கிறது :-)

இதுவரை சொன்னதெல்லாம் டிராக்டர்காரரின் சொந்த ஆபத்து. அடுத்தவன் உயிரில் விளையாடும் சமாச்சாரம் பின்னால் இருக்கிறது. கரும்பு வெட்டு சமயத்தில் விழுப்புரம், கடலூர்ப் பக்கம் ராத்திரியில் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிரே ஒரு லாரியின் ஹெட்லைட், கண் கூசுகிறது, அது கடந்துபோன இருட்டில் முப்பது அடியில் கரும்புக் கட்டு. சிவப்பு விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை, இருந்தாலும் கரும்புத் தோகை மூடியிருக்கும். இதைவிட மோசம், சிலர் சிவப்பு விளக்குக்குப் பதிலாக உழவு விளக்கைப் போட்டுக்கொண்டு வருவது. ராத்திரி உழும்போது கலப்பையைப் பார்ப்பதற்காகப் பின்பக்கம் பார்த்து மாட்டிய வெள்ளை விளக்கு அது. பின்னால் வருகிறவனுக்கு எதிரே ஏதோ வண்டி வருவதாகத் தோன்றும். தனக்கு முன்னால் அதே திசையில் ஊர்ந்துகொண்டிருக்கும் டிரெய்லர் என்று புரிவதற்குள் நேரம் முடிந்திருக்கும்.

1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகள் பொழுது சாய்ந்த பிறகு சாலையில் விளக்கோடு வரச் சொல்கின்றன. வண்டி பழசு என்பதால் தள்ளுபடி இல்லை. "டிரெய்லரை மாத்தி மாத்தி மாட்டுறோம், ஒயர் அறுந்துடுது" என்பது வழக்கமான பதில். அதற்குத்தான் ஏழு முனை சாக்கெட் என்று ஒன்று இருக்கிறது. சொருகினால் விளக்கு, பிடுங்கினால் டிரெய்லர் தனி. டிராக்டரிலேயே சாக்கெட்டைக் கழற்றி வீசி, ஒயரை ஒயரோடு முறுக்கினால் அறுக்காமல் என்ன செய்யும்? அதுவும் டைரக்ட்தான்.

விளக்கு மாட்டியவர்களும் ஒயரில் கோட்டை விடுகிறார்கள். சாதா பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். 12 வோல்ட் பல்புக்கு 10.8 போய்ச் சேர்ந்தாலே இந்தக் கதி. ஒல்லி ஒயர், துருப்பிடித்த பிராக்கெட் இரண்டும் சேர்ந்தால் பத்து சதவீதம் என்பது தண்ணீர் பட்ட பாடு. அதைச் சரிபண்ணாமல் இன்னும் பெரிய வாட் பல்பு போடுகிறார்கள். அது இன்னும் ஆம்பியர் இழுத்து, இன்னும் வோல்டேஜை ஒயரிலேயே விட்டுவிடுகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு இன்ஜினியரிங் படிக்கிற யாராவது "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஆல்டர்னேட்டர் மாட்டிட்டா போச்சு" என்று சொல்லக்கூடும். ஊருக்குப் போய் அப்பாவிடம் அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுமை. ஆல்டர்னேட்டர் நல்ல சாமான்தான், சந்தேகமில்லை. பழைய லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றினால். ஐட்லிங்கில் சார்ஜே ஏறாது. பாரத்தோடு மெதுவாக ஊர்கிற வண்டிக்கு அது சிரமம். ஆனால் அந்த 22 ஆம்பியருக்காகப் போட்ட, இன்று அரைகுறையாக இற்றுப்போன ஒயரிலும் ஆம்ப் மீட்டரிலும் 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைச் சேர்த்தால் முதலில் பழுப்பது டேஷ்போர்டு. பாசிட்டிவ் எர்த் வண்டி என்பது தெரியாமல் மாட்டினால் டயோடு அந்த நொடியே காலி.

பாசிட்டிவ் எர்த் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பல இப்படித்தான் வந்தன. பேட்டரி மாற்றுகிறவர் பழக்க தோஷத்தில் நெகட்டிவை எர்த்தில் மாட்டிவிடுவார். செல்ஃப் வழக்கம்போல அதே பக்கம்தான் சுற்றும், அந்த வகை மோட்டாருக்குத் துருவம் மாறினாலும் திசை மாறாது. விளக்கு எரியும். எல்லாம் சரி என்று ஓட்டிக்கொண்டு போவார்கள். டைனமோவின் இரும்பில் மிஞ்சியிருக்கும் காந்தம் மட்டும் பழைய துருவத்திலேயே இருக்கிறது. வேகம் ஏறி கட்-அவுட் மூடியதும் டைனமோவும் பேட்டரியும் ஒன்றோடொன்று மோதி, கட்-அவுட் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். டைனமோவின் ஃபீல்டு முனைக்குப் பேட்டரியிலிருந்து ஒரு நொடி கரண்ட் காட்டிக் காந்தத்தைத் திருப்பியிருந்தால் இந்தச் செலவு இல்லை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்று பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களிடம் போய்க் கேட்டுக்கொள்ள ஆளில்லை, 'டைனமோவெல்லாம் ஓல்டு டெக்னாலஜி' என்று சொல்ல ஆள் நிறைய.

மெக்கானிக்கை மட்டும் திட்டுவது நியாயமில்லை. சாமான் வாங்கினால் பில்லைப் பார்த்துக் காசு கொடுப்பார்கள். அறுந்த ஒயரைத் தேடி அரை நாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவருக்கு, "என்னப்பா, ஒரு ஒயரைத்தானே மாத்தினே?" என்று கேட்டுப் பாதிக் கூலி. பத்து நிமிஷத்தில் டைரக்ட் பண்ணினவருக்கு "கெட்டிக்காரன்யா" என்ற பேர். இப்படியிருந்தால் யார் அரை நாள் படுத்துத் தேடுவார்கள்? சேஃப்டி சுவிட்ச் கடையில் கிடைக்காத தங்கமில்லை, டவுன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொன்னால் சில நூறு ரூபாயில் வரவழைத்துத் தருவார்கள். கேட்டு வாங்குகிறவர்தான் இல்லை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் மாட்டுக்கும் டிராக்டருக்கும் மாலை போடுவதற்கு முன்னால் ஒரு வேலை பார்க்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்து, சீட்டில் உட்கார்ந்து, கிளட்ச்சையும் பிரேக்கையும் முழுசாக மிதித்தபடி, ஹை-லோ லிவரை லோவில் போட்டு சாவியைத் திருப்ப வேண்டும். செல்ஃப் சுற்றவே கூடாது. சுற்றினால் அந்த லிவருக்குக் கீழே யாரோ, என்றைக்கோ, ஒரு நடவு சீசனில், இரண்டு ஒயரை ஒன்றாக முறுக்கி வைத்திருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் டேப் சுற்றிய முடிச்சு தெரியும்.